ஒத்துப்போகாத கையெழுத்து

ஒரு தையற்காரிக்கு இரண்டு கைகள் இருந்தன. எல்லோருக்கும் இருப்பவைதான். ஆனால் இவை ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும்.

தையற்காரியின் பெயர் குணவதி. கடல் கடந்த ஒரு நாட்டில், ஆடைத் தொழிற்சாலையில் சட்டைக் காலர் தைத்துக்கொண்டிருந்தாள். வலக்கை அக்கா, துணியை ஊசிக்கு வழிநடத்துவாள். இடக்கை தங்கை; நுனியை இழுத்துப் பிடித்துக்கொள்வாள்.

ஒரு மாலை, வேலை முடிந்து அறைக்கு நடந்தபோது ஒருவன் கத்தியைக் காட்டிப் பையைக் கேட்டான். கொடுப்பதற்குள் கத்தி இறங்கிவிட்டது. வலக்கையின் மூன்று விரல்களில் நரம்பு அறுந்தது. குணவதி ஊர் திரும்பினாள்.

"பையை விட்டிருக்கலாமேக்கா," என்று இடக்கை எத்தனையோ முறை கேட்டாள்.

"விரலைத் திறக்கறதுக்குள்ள வெட்டிட்டான்டி," என்பாள் வலக்கை. ஒவ்வொரு முறையும் அதையேதான் சொல்வாள்.

அந்த நாட்டில் ஒரு சட்டம் இருந்தது. வன்முறைக் குற்றத்தில் காயப்பட்டவர் எந்த ஊர்க்காரராக இருந்தாலும், இரண்டு ஆண்டுக்குள் இழப்பீடு கேட்கலாம். அது கிடைத்தால் இன்னோர் அறுவை சிகிச்சை செய்யலாம். விரல்கள் மறுபடி மடங்கக்கூடும். குணவதி விண்ணப்பம் அனுப்பினாள். அது திரும்பி வந்தது. 'கையெழுத்து பாஸ்போர்ட்டுடன் ஒத்துப்போகவில்லை.' கெடு முடிய இன்னும் பத்தொன்பது நாள்.

பாஸ்போர்ட் பைக்குள்ளிருந்து தொண்டையைச் செருமியது. "என்னிடம் இருப்பது கொடி படர்ந்தது போன்ற கையெழுத்து. நீங்கள் போட்டனுப்பியது கோழி கிளறிய குப்பை. நான் எப்படிச் சாட்சி சொல்வேன்?"

வலக்கை மடியில் சுருண்டு கிடந்தாள்.

"அக்கா, நான் போடறேன்," என்றாள் இடக்கை. "இத்தனை வருஷம் பக்கத்துலயே இருந்து பார்த்திருக்கேனே."

அன்றிலிருந்து பழைய காலண்டர் தாள்களின் பின்புறமெல்லாம் இடக்கை எழுதினாள். முதல் நாள் பேனா வழுக்கி விழுந்தது. நான்காம் நாள் 'கு' நிமிர்ந்தது. பன்னிரண்டாம் நாள் கொடி படர்ந்தேவிட்டது.

"அதேதான்!" என்றது பாஸ்போர்ட். "எனக்கே வித்தியாசம் தெரியவில்லை."

இடக்கைக்குப் பெருமை தாங்கவில்லை. "சோறு பிசைஞ்சா சிரிச்சாங்க. ஒரு டம்ளர் தண்ணி நீட்டினாக்கூட, 'இடக்கையாலயா தர்ற'ன்னு மூஞ்சியைச் சுளிச்சாங்க. இதையாவது நான் உருப்படியா செஞ்சேன், பார்த்தியா?"

வலக்கை, அசையும் இரண்டு விரல்களால் அந்தத் தாளைத் தடவிப் பார்த்தாள்.

"அச்சு அசலா இருக்குடி. அதான் பயமா இருக்கு."

"என்ன பயம்?"

"இதைப் பார்க்கறவன், இந்தக் கைக்கு ஒண்ணுமே ஆகலைன்னுதானே நினைப்பான்?"

இடக்கை பேனாவைக் கீழே வைத்தாள். "அப்ப நான் கத்துக்கிட்டதெல்லாம் வீணா?" என்றாள்.

"உன்னை விட்டா எனக்கு யாருடி? நாளைக்குப் பேப்பர் நகராம பிடிச்சுக்க. நான் போடறேன்."

மறுநாள் காலை குணவதி, கையெழுத்துக்குச் சான்று வாங்க, நோட்டரி வக்கீல் தணிகாசலத்தின் முன் உட்கார்ந்தாள். அவர் திரும்பி வந்த தாளையும் பாஸ்போர்ட்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்.

"இந்தத் தடவையாவது பாஸ்போர்ட்ல இருக்கற மாதிரி போடுங்கம்மா. மறுபடியும் திருப்பி அனுப்பிடுவான்."

"அந்த மாதிரி போட முடிஞ்சா, நான் ஏன் சார் இங்க வரப்போறேன்?"

வக்கீல் நிமிர்ந்து பார்த்தார். அப்போதுதான் அவர் கண்ணில் அந்தக் கை பட்டது.

இடக்கை தாளை அழுத்திப் பிடித்தாள். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே பேனாவை இடுக்கிக்கொண்டு வலக்கை எழுதத் தொடங்கினாள். 'கு' சரிந்தது. 'ண' பாதியில் நின்று, நடுங்கி, மறுபடி நகர்ந்தது. ஆறு எழுத்தோ ஏழு எழுத்தோ இல்லை, நான்கே எழுத்து. அதற்குள் மணிக்கட்டு வியர்த்துவிட்டது. பேனா இருமுறை விழுந்தது. இருமுறையும் இடக்கை எடுத்துக் கொடுத்தாள்.

வக்கீல் அவசரப்படுத்தவில்லை. கீழே, 'வெட்டுப்பட்ட கையாலேயே, என் கண்ணெதிரில் போட்ட கையெழுத்து' என்று ஆங்கிலத்தில் எழுதி, முத்திரையை ஓங்கிக் குத்தினார்.

பாஸ்போர்ட் தன்னிடமிருந்த கொடிக் கையெழுத்தைக் குனிந்து பார்த்துக்கொண்டது.

உறைக்குள் போகும்போது, அதுவரை வாய் திறக்காத விண்ணப்பம் வலக்கையிடம் மெல்லச் சொன்னது:

"காயத்தை விவரிக்க என்னிடம் ஒரு முழுப் பக்கம் இருந்தது. நீ அதைக் கையெழுத்துக் கட்டத்திலேயே எழுதிவிட்டாய்."