சின்ன ரூம், பெரிய ரூம்

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். மகள் வெயினி சாப்பிட்டுவிட்டுப் பாயில் படுத்திருந்தாள். பக்கத்தில் சேந்தன் விசிறிக்கொண்டிருந்தான்.

"அப்பா, சாயங்காலம் அம்மாவோட ஊர்ல இருந்து அப்புச்சி வந்ததும், கத்தரிக்கா வேஷத்துல நான் ஆடின டான்ஸ் வீடியோ காட்டணும். கண் ஆபரேஷன்ல அவர் ஸ்கூல் விழாவுக்கே வரலையே."

"மொதல்ல தூங்கு கண்ணு. கதை சொல்றேன். ம் போடணும்."

"ம்."

"ஒரு ஊர்ல ஒரு மேதாவி இருந்தான். மேதாவின்னு வேற யாரும் சொல்லல, அவனே சொல்லிக்கிட்டான். அவன்கிட்ட ஒரு போன். எல்லாரும் வச்சிருக்கிற போன் இல்ல, லினக்ஸ் போன். அதுல புரோகிராம்கூட எழுதலாம்."

"உன்னோடது மாதிரியா?"

"அதே மாதிரி. ஆனா அவன் வேற. மூக்கு மட்டும்தான் என்னை மாதிரி."

"ம்."

"அப்போ அவனுக்கு ஒரு ஆசை. ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் போன்ல வீணாக்குறோம்னு கண்டுபிடிக்க ஒரு புரோகிராம் எழுதணும். அதுக்கு டூல்ஸ் வேணுமே? காலையில இட்லிகூட சாப்பிடாம உக்காந்தான். டொக் டொக் டொக். உள்ள ஏத்தினான். 'இடம் இல்லை'ன்னு சொல்லிருச்சு."

"அப்புறம்?"

"பாட்டெல்லாம் அழிச்சான். சர்ர்ர். மறுபடி ஏத்தினான். டொக் டொக். 'இடம் இல்லை.' அப்புறம் சினிமாவெல்லாம் அழிச்சான். சர்ர்ர். அப்பவும் 'இடம் இல்லை.' ஒரு போன் தன்னைப் பாத்து அப்படிச் சொல்றதா? ரோசம் வந்துருச்சு."

"ம்..."

"மூணாவதா, போட்டோ வீடியோ எல்லாத்தையும் ஒரே வரி டைப் பண்ணி அழிச்சான். மத்த போன்னா 'நிச்சயமா?'ன்னு ஒரு தடவை கேக்கும். இது மேதாவிங்க போனாச்சே, கேக்காது. சர்ர்ர்ர்ர்."

"காப்பி இல்லையா?" வெயினியின் குரல் பாதித் தூக்கத்தில் இருந்தது.

"கம்ப்யூட்டர்ல காப்பி இருக்குன்னுதான் நெனச்சான். எடுக்கணும்னு நெனச்சதை, எடுத்துட்டதா ஞாபகம் வச்சிருந்தான். எதையும் ரெண்டு இடத்துல வைக்கணும்னு ஆபீஸ்ல பத்துப் பேருக்கு பாடம் எடுக்கிறவன் அவன்."

"ம்."

"அப்போ என்ன சொல்லுச்சு தெரியுமா? 'இடம் இல்லை.' ஏன்னா போனுக்குள்ள ரெண்டு ரூம். டூல்ஸ் எல்லாம் சின்ன ரூமுக்குத்தான் போகும். பாட்டு, சினிமா, வீடியோ இருந்தது பெரிய ரூம்ல. இவன் பெரிய ரூமைக் காலி பண்ணிக்கிட்டே இருந்திருக்கான். இப்ப அதுல கல்யாணம் வைக்கலாம். சின்ன ரூம்ல கால் வைக்க இடமில்ல."

"ம்."

"சின்ன ரூம்ல என்ன அடைச்சுக்கிட்டு இருந்துச்சு? இதுக்கு முன்னாடி ஏத்தின டூல்ஸ் எல்லாம் வந்து இறங்கின காலி அட்டைப்பெட்டிங்க. ஒரு வரி எழுதியிருந்தா மொத்தமும் போயிருக்கும். கடைசியில எழுதினான். டூல்ஸ் ஜம்முனு ஏறிருச்சு. புரோகிராமும் எழுதிட்டான். அது மொதமொதல்ல கணக்குப் பண்ணிச் சொன்னது, 'இன்னிக்கு நாலு மணி நேரம் வீண்.'"

சேந்தன் விசிறியை நிறுத்தினான். மெதுவாகச் சொன்னான்.

"அந்தப் பெரிய ரூம்ல ஒரு கத்தரிக்கா ஆடிக்கிட்டு இருந்துச்சு கண்ணு. ஊதாப் பாவாடை, தலையில பச்சைக் காம்பு. வேற எங்கயும் அது இல்ல. இதை நீ முழிச்சிருக்கும்போது சொல்ல அவனுக்குத் தைரியம் வரல. கதை தீந்துச்சு, கண்ணை மூடு."

"ம்."

சேந்தன் குனிந்து பார்த்தான். வெயினி வாயைத் திறந்தபடி எப்போதோ தூங்கிப்போயிருந்தாள்.

நிமிர்ந்தான். கதவு நிலையில் சாய்ந்து மனைவி பூங்கோதை நின்றிருந்தாள்.

"எப்ப இருந்து ம் போடறே?"

"ரெண்டு ரூம்ல இருந்து," என்றாள். "எங்கப்பா பஸ் ஏறிட்டாராமா. கண்ணுல கட்டு அவுத்ததும் மொதமொதல்ல பாக்கப் போறது பேத்தி டான்ஸைத்தான்னு பஸ்ஸுல எல்லார்கிட்டயும் சொல்லிக்கிட்டு வர்றாராமா. எந்திரிங்க. அந்த ஊதாப் பாவாடையை அயர்ன் பண்ணி வைங்க. இவ எந்திரிச்சதும் கதையை மொதல்ல இருந்து சொல்லிட்டு, ஆடச் சொல்லிக் கெஞ்சுங்க."