மோரா வருவதற்கு முன்

கோவையில் பங்குச்சந்தை சொல்லிக்கொடுத்துவந்த தமயந்திக்கு முப்பத்திரண்டு வயது. அவரிடம் சீடராகச் சேர்ந்த நாச்சிமுத்துவுக்கு ஐம்பத்தாறு. பம்புக்கு உதிரிபாகம் கடைந்துகொடுக்கும் பட்டறை வைத்திருந்தார். வித்தைக்கு வயது உண்டா என்ன? குருவைச் சீடர் 'அம்மிணி' என்று கூப்பிட்டார், சீடரைக் குரு 'அண்ணா' என்று கூப்பிட்டார், பாடம் நன்றாகத்தான் நடந்தது.

ஒரு புதன்கிழமை மாலை நாச்சிமுத்து கால் தரையில் பாவாமல் வந்து சேர்ந்தார். மாதக்கணக்கில் சரிந்துகொண்டே இருந்த ஒரு பங்கு அன்றைக்குத் துள்ளி எழுந்திருந்தது. டீக்கடையில் அதே பேச்சு, டிவியிலும் அதே பேச்சு. பட்டறையின் பெரிய லேத்தை விற்று அத்தனையையும் அதில் போட்டுவிடுவது என்று அவர் முடிவே கட்டிவிட்டார். வாங்குகிற ஆள் காலையில் வருவதாக ஏற்பாடு. அந்த லேத் போய்விட்டால் பட்டறையில் மிஞ்சுவது ஒரு துளை போடும் மிஷினும் பெயர்ப்பலகையும்தான். அது அவருக்கும் தெரியும்.

"சரிவு முடிஞ்சுதான்னு எப்படிங்க அம்மிணி தெரிஞ்சுக்கறது?" என்று கேட்டார். கேட்ட சூட்டோடு பதிலையும் அவரே சொன்னார். "ஊர் ஓடினா ஒத்து ஓடணுமுங்க. எல்லாரும் வாங்கறாங்க."

தமயந்தி அவருடைய சட்டைப்பையைப் பார்த்தார். அதில் துருத்திக்கொண்டிருந்தது என்ன என்று விசாரித்தார். அன்று மாலைக் கச்சேரிக்கு இரண்டு டிக்கெட். கூட வர வேண்டிய சிநேகிதருக்குக் காய்ச்சல். நாச்சிமுத்துவுக்குக் கச்சேரி என்றால் உயிர். போனில் கேட்கிற பாட்டெல்லாம் ஆறிப்போன காப்பி என்பார்.

"அப்ப நான் வரட்டுங்களா, அண்ணா?"

"வாங்க. ஆனா நான் கேட்டதுக்குப் பதில்?"

"முதல்ல பாட்டுக் கேப்போமுங்க."

தமயந்தி அதுவரை கச்சேரிப் பக்கம் தலைவைத்துப் படுத்ததில்லை. பாடகி பெரிய பாட்டைப் பாடி நிறுத்தியதும் மிருதங்கமும் கடமும் மட்டும் வாசிக்கிற கட்டம் வந்தது. முதலில் நடை, பிறகு ஓட்டம், பிறகு ஒரே பாய்ச்சல். நாற்காலியின் கைப்பிடி அதிர்ந்தது. நாச்சிமுத்துவின் வலது கை தொடையில் தாளம் போட்டபடி இருந்தது. அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. லேத், பங்கு, காலையில் வரப்போகிற ஆள், எதுவும் ஞாபகத்தில் இல்லை.

திடீரென்று மிருதங்கம் மூன்று அடி அடித்து நின்றது. அரங்கம் கைதட்டலில் அதிர்ந்தது. பாதிப் பேர் எழுந்து காப்பி குடிக்கக் கிளம்பினார்கள். தமயந்தியும் கை சிவக்கத் தட்டிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

"உக்காருங்க அம்மிணி. இன்னும் முடியலை."

"இத்தனை பேர் எந்திரிச்சுப் போறாங்களே?"

"போவட்டுமுங்க. அது நடுவுல வர்ற சின்ன முடிவு. மோரான்னு ஒரு அடி இருக்குது, அது வந்தாத்தான் முடியப்போகுதுன்னு அர்த்தம். இன்னும் வரலை."

"கைதட்டல் இப்படிக் காதைப் பிளக்குது, உங்களுக்குச் சந்தேகமே வரலீங்களா?"

நாச்சிமுத்துவுக்குச் சிரிப்பு வந்தது. தாளம் போடுகிற கையை நிறுத்தாமலே சொன்னார்.

"கைதட்டறவங்களக் கேட்டுட்டு இருந்தா தாளம் உட்டுப்போயிருமுங்க."

தமயந்தி பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். கடக்காரர் மெல்லத் தொடங்கினார். வாசலுக்குப் போனவர்கள் அசடு வழியத் திரும்பி வந்து, அடுத்தவர் காலை மிதித்துக்கொண்டு இடம் தேடினார்கள். மிருதங்கக்காரரும் அவரும் மாறி மாறி வாசித்துச் சேர்ந்து வாசிக்க ஆரம்பித்தபோது, நாச்சிமுத்து சீட்டின் நுனிக்கு வந்துவிட்டார். மோரா வந்தது. அவர் குருவின் பக்கம் திரும்பித் தலையை மட்டும் ஆட்டினார். முடிவுக் கோர்வை ஒரு தரம், இரண்டாம் தரம், மூன்றாம் தரம். கடைசி அடி விழுந்த இடத்தில் பாடகி பாட்டை எடுத்தார். நாச்சிமுத்துவின் கண்ணில் நீர் நின்றது. அதற்கப்புறம்தான் அவர் கைதட்டினார்.

கச்சேரி முடிந்து வெளியே வந்த பிறகும் அந்தப் பரவசம் அவரை விடவில்லை. அந்த மூன்றாம் தரத்தைப் பற்றியே பேசிக்கொண்டு நடந்தார். கார் நிறுத்துமிடத்துக்கு வந்தபோது போன் அடித்தது.

"லேத்து வாங்கறவருங்க," என்றார். உற்சாகம் அப்படியே அந்தப் பக்கம் தாவியது. "காலையில வெள்ளனே வரச் சொல்லிரட்டுங்களா, அம்மிணி? நீங்க இன்னும் பதிலே சொல்லலையே."

தமயந்தி அவருடைய வலது கையைப் பார்த்தார். அது போனைப் பிடித்திருந்தது.

"அந்தப் பங்கு என்ன தாளத்துல போகுதுங்க, அண்ணா?"

நாச்சிமுத்து போனை இடது கைக்கு மாற்றி வலது கையைத் தொடையில் வைத்துப் பார்த்தார், தாளம் எதுவும் பிடிபடவில்லை. போன் அடித்துக்கொண்டே இருந்தது. அவர் எடுக்கவில்லை.