ஒன்றும் கலக்காத தொட்டி

சாயப்பட்டறைக் கழிவுநீர் மீனை என்ன செய்கிறது என்று பார்க்கும் ஆய்வகம் அது. ஆறு கண்ணாடித் தொட்டிகள். தொட்டிக்குப் பத்துக் கெண்டைக் குஞ்சுகள். இரண்டாவது தொட்டியிலிருந்து ஆறாவது வரை கழிவுநீரின் அளவு ஏறிக்கொண்டே போகும். முதல் தொட்டியில் வெறும் தண்ணீர். நான்கு நாள் கழித்து, உயிரோடு இருப்பதை எண்ண வேண்டும்.

பதிவேட்டில் ‘கலந்தது’ என்று ஒரு கட்டம் உண்டு. முதல் தொட்டிக்கு நேரே ஜெசிந்தா எப்போதும் ‘ஒன்றுமில்லை’ என்று எழுதுவாள்.

சேர்ந்த புதிதில், தனக்கு வேலை கற்றுக்கொடுத்த உமையாளிடம் கேட்டாள்.

“ஒன்றுமே கலக்காத தொட்டிக்கு எதற்கு மேடம் பத்து மீன்? சும்மா நீந்திச் சம்பளம் வாங்கவா?”

“அந்தப் பத்தும் பிழைத்தால்தான் மற்றதெல்லாம் எதனால் செத்தது என்று சொல்ல முடியும். அங்கே ஒன்றுக்கு மேல் போனால் சோதனையே செல்லாது.”

இதுவரை போனதில்லை.

அன்று மூன்றாம் நாள் காலை. முதல் தொட்டியில் ஏழு மீன்கள் வயிறு மேலாக மிதந்தன.

ஜெசிந்தா தன் கையை முகர்ந்து பார்த்தாள். தேங்காயெண்ணெய் வாடை.

“மேடம், நான்தான் கொன்றுவிட்டேன்.”

“எப்படி?”

“தினமும் பிள்ளைக்கு எண்ணெய் தேய்த்துவிட்டுத்தான் வருகிறேன். கையைச் சரியாகக் கழுவவில்லை போல. வேலையை விட்டு நிறுத்திவிடுவார்களா?”

உமையாள் இரண்டு காலித் தொட்டிகளை எடுத்து வைத்தாள். ஒன்றில் ஆய்வக டிரம்மிலிருந்து ஊற்றினாள். தெருக் குழாயில் பிடித்து, குளோரின் வாடை போக இரண்டு நாள் காற்று ஓட்டிய தண்ணீர்; ஆறு தொட்டிக்கும் ஊற்றுவது அதுதான். மற்றதில் தன் ஊர்க் கிணற்றிலிருந்து கேனில் கொண்டுவந்த தண்ணீர்.

“கிணற்றுத் தண்ணீரில் நீ மீன் விடு. கையைக் கழுவாதே. உள்ளே விட்டு நன்றாக அலசு.”

“கையுறை?”

“அது எனக்கு.”

கையுறை மாட்டிக்கொண்டு, டிரம் தண்ணீரில் உமையாள் பத்து மீன் விட்டாள்.

“இது தண்டனையா, மேடம்?”

“நாளைக்குக் கேள்.”

மறுநாள் காலை மாதாவை வேண்டிக்கொண்டேதான் ஜெசிந்தா கதவைத் திறந்தாள். அவள் விட்ட பத்தும் நீந்திக்கொண்டிருந்தன. உமையாள் விட்டதில் எட்டு செத்திருந்தன.

“என் கை இல்லை, மேடம்.” அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. “உங்கள் கைதான் ராசியில்லாத கை.”

உமையாள் சிரிக்கவில்லை. குடித்துக்கொண்டிருந்த டீயைத் கை கழுவும் தொட்டியில் கொட்டினாள்.

அந்த டீ போவதைப் பார்த்தபடி ஜெசிந்தா நின்றாள். அவள் வீடு பின்தெருவில்தான்.

“மேடம், டிரம்மில் இருப்பது எங்கள் வீட்டுக்கு வருகிற குழாய்த் தண்ணீர்தானே?”

“ஆமாம்.”

“நான் கொதிக்க வைத்துத்தான் பால் பவுடர் கலக்குகிறேன்.”

“கொதித்தால் கிருமிதான் சாகும்.”

உமையாள் தன் போனை எடுத்து நீட்டினாள்.

மணி ஆறு முறை அடித்த பிறகுதான் ஜெசிந்தாவின் கணவன் எடுத்தான்.

“ஏங்க, புட்டிப் பால் கொடுக்க வேண்டாம்.”

“இப்போதுதானே குடித்து முடித்தான். ஏப்பம்கூட விட்டாயிற்று. ஏன்?”

“அசைகிறானா?”

“என்ன கேள்வி இது? காலை உதைத்துக்கொண்டு கிடக்கிறான்.”

“தூக்கி மடியில் வைத்துக்கொள்ளுங்கள். டாக்டரிடம் போக வேண்டும். வருகிறேன்.”

அவள் பையை எடுத்தாள். பதிவேடு திறந்தே கிடந்தது.

“முதல் தொட்டி செத்ததால் சோதனை செல்லாது என்று எழுதி மூடிவிடட்டுமா, மேடம்?”

“பட்டறைச் சோதனை செல்லாது. அதை எழுது. மூடாதே.”

“‘கலந்தது’ கட்டத்தில் ‘ஒன்றுமில்லை’ என்று முன்பே எழுதியிருக்கிறேன்.”

“அதை அடித்துவிடு.”

ஜெசிந்தா ஒரே கோடாக அடித்தாள்.

“வேறு என்ன எழுத?”

“‘நாங்கள் ஒன்றும் கலக்கவில்லை’ என்று எழுது.”