எல்லையை அழித்தவர்

தணிகாசலத்துக்கு ஐம்பது தாண்டிவிட்டது. மின்வாரிய வேலையை உதறிவிட்டு, தன்னைவிடச் சின்னவரான பேராசிரியர் சலோமியிடம் ஆய்வு மாணவராகச் சேர்ந்திருந்தார். பிடிவாதம் என்றால் அப்படி ஒரு பிடிவாதம். எத்தனை பெரிய ஆற்றலுக்குப் போனாலும் மின்காந்தக் கொள்கை செல்லும் என்று நிரூபித்தே தீர வேண்டும் அவருக்கு. இந்த மாதத்துக்குள் சலோமி ஆய்வேட்டில் கையெழுத்துப் போடாவிட்டால் பதிவே ரத்து. பட்ட பாடெல்லாம் வீண்.

அன்று மதியம் சலோமியின் அறையில் நேராகவே கேட்டுவிட்டார்.

"கணக்குல எல்லாரும் இதுக்கு மேல போறதில்லன்னு ஆற்றலுக்கு ஒரு எல்லை வெச்சுக்கறாங்க, மேடம். கொள்கை நிஜம்னா எல்லை எதுக்கு?"

"நீங்க எப்படிப் போடுறீங்க, சார்?"

"வெளியே அளந்த மின்னேற்றத்தைக் கையில வெச்சுக்கிட்டு எலக்ட்ரானை நெருங்கிக்கிட்டே போவேன். நெருங்க நெருங்க ஆற்றல் கூடும், மின்னேற்றமும் கூடும். ஒரு இடத்துல கட்டுக்கடங்காம போயிடும். எங்கயோ தப்புப் பண்ணிட்டேன்னு திரும்ப ஆரம்பிப்பேன்."

சலோமி சாக்பீஸை நீட்டினார். "இன்னிக்கு உள்ளேயிருந்து வெளியே வாங்க. எல்லையையும் அழிச்சிடுங்க."

தணிகாசலம் பலகையில் இருந்த எல்லையை அழித்துவிட்டு உற்சாகமாக எழுதினார். எலக்ட்ரானைச் சுற்றியுள்ள வெற்றிடம் சும்மா இருப்பதில்லை. அதன் மின்னேற்றத்தைத் திரை போட்டு மறைத்துக்கொண்டே இருக்கும். எல்லை இல்லையென்றால் திரைக்கும் முடிவில்லை. கடைசி வரியில் வெளியே தெரிய வேண்டிய மின்னேற்றம் பூஜ்யம் என்று வந்து நின்றது.

விளக்கு அணைந்தது. மின்விசிறி நின்றது.

"கரண்ட் போச்சா?"

"நான்தான் அணைச்சேன். உங்க கணக்குல மின்னேற்றமே இல்லையே. எலக்ட்ரானுக்கும் ஒளிக்கும் ஒட்டுமில்ல, உறவுமில்ல. லைட் எப்படி எரியும்?"

வெயிலுக்காக ஜன்னலைச் சாத்தியிருந்த அறை. இருட்டில் அவருக்கு வியர்த்துக் கொட்டியது.

"அப்ப இத்தனை வருஷம் படிச்சது பொய்யா, மேடம்?"

"பொய்யின்னா இவ்வளவு நேரம் எரிஞ்சது என்ன?"

தணிகாசலம் இருட்டிலேயே பலகைப் பக்கம் திரும்பினார். தோற்றுவிட்டு வீட்டுக்குப் போகிற ஆள் இல்லை அவர். அழித்த இடத்தைத் தடவிக் கண்டுபிடித்து, எல்லையை மறுபடி எழுதினார். அழுத்தி எழுதியதில் சாக்பீஸ் உடைந்தது.

சலோமி விளக்கைப் போட்டார். திரைக்கு முடிவு வந்துவிட்டதால், வெளியே தெரியும் மின்னேற்றம் இப்போது பூஜ்யம் இல்லை.

"எல்லை வரைக்கும்தான் கொள்கை செல்லும்னு ஆய்வேட்டை மாத்தி எழுதறேன். மாசம் முடியறதுக்குள்ள தந்துடுவேன்," என்றார் தணிகாசலம். "ஆனா எல்லைக்கு அந்தப் பக்கம் என்னன்னு கேப்பாங்களே?"

"தெரியாதுன்னு எழுதுங்க."

"ஆய்வேட்டுலயா?"

"முதல் பக்கத்துலயே. கூச்சப்பட்டுக் கடைசிப் பக்கத்துல ஒளிச்சு வெச்சீங்கன்னா, கையெழுத்துப் போட மாட்டேன்."