பட்டப்பகலில் விளக்குத் திறப்பு

ஓய்வு பெற்ற இன்ஜினியருக்கு அடுக்குமாடிச் சங்கத் தலைவர் பதவியைக் கொடுத்தால் என்ன ஆகும்? கோமதிநாயகம் ஆகும். தூத்துக்குடியில், தன் குடியிருப்பின் முற்றத்து விளக்குகளைத் தானே திறந்து வைக்க, கொளுத்தும் வெயிலில் பன்னிரண்டு மணிக்கு எல்லாரையும் கூட்டி நிறுத்தினார். ஜோசியர் குறித்த நேரமாம்.

சுவிட்சைத் தட்டினார். ஒரு விளக்கும் எரியவில்லை.

"ஏலே தங்கப்பழம்!" என்று எலக்ட்ரீஷியன் மேல் பாய்ந்தார். "ஒரு ஸ்க்ரூவைக்கூடக் கழட்டாம அஞ்சு நிமிஷத்துல எரிய வைக்கணும். இல்லேன்னா இன்னியோட உன் வேலை காலி. என் மச்சினன்கிட்ட ஆள் இருக்கு."

"பல்பும் நல்லாருக்கு, வயரும் நல்லாருக்கு. உங்க கை பட்டாத்தான் எரியும் சார்."

தலைவருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. "அப்படிச் சொல்லு!"

"தூண்ல கண்ணாடிக் குமிழ் இருக்கு பாருங்க. அதைப் பொத்துங்க."

ஸ்டூல் போட்டு ஏறிப் பொத்தினார். பன்னிரண்டு விளக்கும் எரிந்தன. பெருமை தாங்காமல் கையை எடுத்துக் கூட்டத்தைக் கும்பிட்டார். அத்தனையும் அணைந்தன.

"என்னலே இது?"

"அந்தக் குமிழ்ல வெளிச்சம் பட்டா விளக்கு அணையும், இருட்டினா தானே எரியும். அந்த மாதிரி விளக்குதான் வேணும்னு வாங்கினது நீங்கதான். சாயந்தரம் திறக்கலாம்னு சொன்னேன். 'நீ என்ன இன்ஜினியரா'ன்னு கேட்டீங்க."

கூட்டம் சிரித்த சிரிப்பில் மச்சினனின் ஆளைக் காட்டிய மிரட்டல் காணாமல் போனது.

"இப்ப என்ன செய்யச் சொல்ற?" தலைவரின் குரல் இறங்கிவிட்டது.

"எரியணும்னா பொத்திக்கிட்டே நில்லுங்க சார். ஆறரை மணிக்கு இருட்டினதும் வந்து உங்களை இறக்கிவிடறேன்."