மூக்காயியைக் கட்ட ஒரு கத்தி

கோட்டாங்காட்டுல ஓச்சப்பன்னு ஒருத்தன். அவனுக்கு மூக்காயி மேல ஆச. மூக்காயிக்கும் அவன் மேல ஆசதான். நடுவுல நின்னது அவ அப்பன், கறிக்கடை வீரணன். ஆளு மல மாதிரி. தல மட்டும் வழுக்க. ஈ வந்து உக்காந்தா சறுக்கிக் காதுல விழும்.

"உங்கையால ஒரு கத்தி செஞ்சு கொண்டா. மடக்குற கத்தி வேணாம். பிடிக்குள்ளயும் உருக்கு ஓடணும், பிடி ஆடக் கூடாது. வெள்ளிக்கெழமைக்குள்ள வந்தா ஒனக்குப் பொண்ணு. வரலைன்னா அவ அத்த மகனுக்கு"ன்னுட்டாரு.

ஓச்சப்பன் தவசி ஆசாரி பட்டறைக்கு ஓடுனான். கூடவே அவன் கூட்டாளிக சங்கையா, கருத்தாண்டி. மூணு பேருக்கும் சேத்து ஒரு மூள. அன்னைக்கு அது யாருகிட்ட இருந்துச்சுன்னு தெரியல.

ஆசாரி காதுகுத்துக்குக் கெளம்பிக்கிட்டு இருந்தாரு. கத்தி மாதிரி அறுத்த உருக்குப் பட்டையக் கையில குடுத்தாரு.

"கெட்டி உருக்குடா, நாறடிச்சுராதீங்க. உலையில காய வைங்க. காந்தத்தக் காட்டுங்க. ஒட்டலைன்னா பதம் வந்துருச்சு, டக்குனு எண்ணெயில முக்குங்க. அப்புறம் பிடியப் போட்டுத் தீட்டி, கைமுடியில இழுத்துப் பாருங்க. முடி வந்தா ஆச்சு. வரலைன்னா இன்னும் தீட்டுங்க."

பஸ்ஸு ஏறிட்டாரு.

மூணு பேரும் காந்தத்தக் கத்திகிட்டக் கொண்டு போனாங்க. டொக்குனு ஒட்டிக்கிச்சு.

"ஒட்டுதே மாப்ள. இப்ப எதக் காய வைக்கணும்?"

"ஒட்டுறது யாரு? கத்தியா, காந்தமா?"

"கத்தி செவனேன்னுதான்டா கெடந்துச்சு. காந்தந்தான் போயி ஒட்டுச்சு."

"அப்பத் தப்பு அது மேலதான். அதத் தூக்கி உலையில போடு!"

காந்தம் செக்கச் செவேர்னு காஞ்சுச்சு. எடுத்துக் கத்தியில வச்சா ஒட்டல. காஞ்ச காந்தம் எப்பிடி ஒட்டும், சத்தெல்லாம் போச்சே! மூணு பேரும் குதிச்ச குதியில பட்டறைக் கூரை ஆடுச்சு. பச்சத்தண்ணி மாதிரி சில்லுன்னு கெடந்த கத்தியத் தூக்கி டக்குனு எண்ணெயில முக்குனாங்க.

பிடியப் போட்டு, சாணையில தீட்டி, ஓச்சப்பன் எடது கையில ஒரு இழுப்பு. முடி வழிச்சுக்கிட்டு வந்து, கை உரிச்ச கோழி மாதிரி ஆச்சு.

"வந்துருச்சுடா! மூக்காயி எனக்குத்தான்!"

"இரு மச்சான், நானும் பாக்குறேன்"னு சங்கையா வாங்குனான். வேற எடத்துல பாத்தா ஞாயமா? ஓச்சப்பன் கையில அதே எடத்துலயே இழுத்தான்.

முடி வரல.

"போச்சுடா! அதுக்குள்ள மழுங்கிருச்சு!"

தீட்டுனாங்க. அதே எடம். முடி வரல. கருத்தாண்டி தீட்டுனான். வரல. வியாழக்கெழம சாயங்காலம் கத்தி தேஞ்சு வெரக்கட அகலம் ஆச்சு. வெள்ளிக்கெழம காலையில ஊசி ஆச்சு. மத்தியானம் வெறும் பிடிதான் மிச்சம் இருந்துச்சு.

ஓச்சப்பன் ஓன்னு அழுதான். "கெட்டி உருக்குன்னாரேடா ஆசாரி!"

"கெட்டிதான்டா. கடைசி வரைக்கும் ஒரு முடிக்கு எறங்கி வந்துச்சா பாத்தியா?"ன்னான் சங்கையா.

"பிடி ஆடாம இருக்குல்ல மாப்ள?"ன்னான் கருத்தாண்டி. "மாமா அதையுந்தான கேட்டாரு? கண்ணத் தொடச்சுக்கிட்டு வா."

வீரணன் பிடிய வாங்கி எடை பாத்தாரு. "கூர் எப்பிடி?"

"கைமுடியில... பாக்கணும் மாமா"ன்னான் ஓச்சப்பன், பாதி உசுரோட.

"கைமுடி சின்னப் பயலுகளுக்கு. நான் தலையிலயே பாக்குறேன்."

நெத்தியில வச்சு, பிடரி வரைக்கும் ஒரே இழுப்பு. தடவிப் பாத்தாரு. இன்னொரு தடவ தடவிப் பாத்தாரு. கண்ணு ரெண்டும் வெளிய வந்துருச்சு.

"ஏய் மூக்காயி! ஒத்த முடி நிக்கலடி! மாப்ள, தேதியக் குறிங்க!"

கல்யாணத்தன்னிக்கு ஆட்டுக்கும் அதே கத்திதான். வீரணனே கழுத்துல மூணு இழுப்பு இழுத்தாரு. ஆடு அவர ஏற எறங்கப் பாத்துச்சு. 'ம்மே'ன்னுச்சு. நேரா போயிப் பந்தல்ல கட்டுன வாழமரத்தத் திங்க ஆரம்பிச்சுருச்சு.

வீரணனுக்கு நெஞ்சு நிமிந்து போச்சு.

"பாத்தீங்களாய்யா எம் மாப்ள கத்தியோட கூர? வெட்டுப்பட்டதே இன்னும் ஆட்டுக்குத் தெரியல! எலையப் போடுங்க. அதுக்குத் தெரிஞ்சதும் பரிமாறிருவோம்!"