தொடாதே

கனகசபைக்கு எழுபத்திரண்டு வயது. மலையடி மடத்துச் சீடர்களில் மூத்தவர். குரு திலகவதியம்மாவுக்கும் மூத்தவர். பேட்டரி ஆலையில் கெமிஸ்டாக இருந்து ஓய்வு பெற்றவர்.

அன்று காலை அம்மா சமையலறை வாசலில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். கனகசபை எதிரே வந்து உட்கார்ந்தார்.

"மகள் வந்திருக்கிறாள் என்றார்களே. இங்கே உங்களுக்கு என்ன வேலை?"

"கைக்குழந்தையோடு வந்திருக்கிறாள். நாளை ரயிலேறுகிறாள்."

"பேரனா, பேத்தியா?"

"பேத்தி. யார் ஜாடை என்று கேட்காதீர்கள். சரியாகப் பார்க்கவில்லை."

அம்மா நிமிர்ந்தார்.

"பக்கத்து வீட்டார், பால்காரர், எல்லார் கையிலும் குழந்தையைக் கொடுத்தாள். நான் போனதும் பாயில் கிடத்திவிட்டு நகர்ந்துகொண்டாள். அவளுக்குக் கோபமில்லை அம்மா. பழக்கம்."

"அப்படி என்ன பழக்கம்?"

"ஆலையில் ஈயத்தூசு. சட்டையிலும் தலைமயிரிலும் ஒட்டிக்கொண்டு வீடு வரைக்கும் வரும். பிள்ளைகளின் மூளையைக் கெடுத்துவிடும். நிர்வாகத்தோடு சண்டை போட்டுக் குளியலறை கட்ட வைத்தேன். குளிக்காமல் ஒருவரும் வெளியே போகக்கூடாதென்று வாசலில் நானே நின்றேன். இப்போதும் ஆலைக்காரர் வீட்டுப் பெண்கள் வழியில் பார்த்தால் கும்பிடுகிறார்கள். உங்களால்தான் எங்கள் வீட்டுக்காரர் பிள்ளையைத் தூக்கினார் என்கிறார்கள்."

"நீங்கள் குளித்தீர்களா?"

"கடைசி ஆள் குளிப்பதற்குள் தொட்டி வற்றிவிடும்."

அம்மா சிரித்தார். "ஊரையெல்லாம் குளிப்பாட்டிவிட்டு நீங்கள் அழுக்காக வீட்டுக்குப் போனீர்களாக்கும்."

கனகசபை சிரிக்கவில்லை.

"சின்ன வயதில் என் மகள் வைதேகி தெருமுனைக்கே ஓடி வருவாள். தொடாதே என்பேன். கிணற்றடியில் தேய்த்துத் தேய்த்துக் குளித்துவிட்டு நான் வருவதற்குள் தூங்கிப்போயிருப்பாள். ஒருநாள் அவள் ஓடி வரவில்லை. வாசற்படியில் நின்றபடியே பார்த்துக்கொண்டிருந்தாள். நல்ல பிள்ளை, சொன்னால் கேட்கிறது என்று சந்தோஷப்பட்டேன் அம்மா."

அம்மா ஒரு கீரைக்காம்பை ஒடித்துப் போட்டார்.

"இன்றைக்காவது காரணத்தை அவளிடம் சொல்லிவிட வேண்டும். எப்படித் தொடங்குவது என்று கேட்கத்தான் வந்தேன்."

அம்மா கையை நீட்டினார். "அந்த முறத்தை எடுங்கள்."

கனகசபை முறத்தை எடுத்து அம்மாவுக்கு அருகில் தரையில் வைத்தார். ஓரடி பின்னால் நகர்ந்தார்.

நீட்டிய கை நீட்டியபடியே இருந்தது.

"கையில் கொடுங்கள்."

அவர் குனிந்தார். எடுக்கும் முன் தம் உள்ளங்கைகளைத் திருப்பிப் பார்த்தார். வேட்டியில் துடைத்தார். மறுபடியும் துடைத்தார்.

முறத்தை வாங்கிக்கொண்டு அம்மா கேட்டார், "மகள் என்ன வேலை பார்க்கிறாள்?"

"கல்லூரியில் வேதியியல் சொல்லிக்கொடுக்கிறாள்."

"அப்படியானால் காரணம் அவளுக்குத் தெரியும். நீங்கள் குளித்தாயிற்று என்பதுதான் இன்னும் தெரியாது."